மணக்கும் முந்திரிகை

சென்ற வாரம் வகுப்பு முடிந்து புறப்படுகையில் மாணவனொருவன் என்னை அணுகினான். "ஐயா, ஐரோப்பாவில் ஒருவகை முந்திரிகை மது ரோசாப்பூப் போல மணக்கும் என்று வாசித்தேன். பூவைப் பிழிந்து கலப்பார்களா, அல்லது வாசனைத் தைலம் சேர்ப்பார்களா?" என்று வினவினான். மதுவைத் தொட்டறியாத என்னிடம் இவ்வினாவைக் கொணர்ந்தானே என்று சிரிப்பு வந்தது. எனினும் அவன் கேட்டது குடியைப் பற்றியன்று, பயிரைப் பற்றியது. ஆதலின் விடை கூறுதல் ஆசிரியன் கடனாயிற்று. நேயர்கட்கும் அது சுவைக்கும் என்று நம்புகின்றேன்.

பூவுமில்லை, தைலமுமில்லை. மணம் கனியிலேயே பிறக்கின்றது. அக்கனியின் பெயர் கெவூர்ஸ்திராமினர். ஜேர்மன் மொழியில் 'கெவூர்ஸ்' என்பது வாசனைச் சரக்கைக் குறிக்கும். 'திராமினர்' என்பது திராமின் என்னும் ஊரால் வந்த பெயர். அல்ப்ஸ் மலைச்சாரலிலுள்ள அவ்வூர், முதலாம் உலகப் போரின் பின் ஒஸ்திரியாவினின்று இத்தாலியின் கைக்கு மாறியது. ஆனால் இக்கொடிக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது பிரான்சின் கிழக்கெல்லையிலுள்ள அல்சாஸ் மாநிலமாகும். அம்மாநிலம் 1871இல் ஜேர்மனிக்கும், 1918இல் பிரான்சுக்கும், 1940இல் மீண்டும் ஜேர்மனிக்கும், 1945இல் திரும்பவும் பிரான்சுக்கும் உரியதாயிற்று. கொடிகள் மாறின, முந்திரிகைக் கொடியின் பெயர் மாறவில்லை. ஜேர்மானியர் எழுத்தின் மேலிடும் இரு புள்ளிகளை மாத்திரம் அல்சாஸ் மக்கள் விட்டுவிட்டனர்!

இதன் முன்னோடியான சவஞன் என்னும் கொடியின் கனிக்கு இத்துணை நறுமணம் இல்லை. என்றோ ஒரு கிளையின் மரபணுவில் தற்செயலாக நேர்ந்த சிறு மாற்றமே இம்மணத்தைத் தந்தது. வித்திலிருந்து முளைக்கும் கன்று தாயின் குணத்தை அப்படியே கொள்ளாது. ஆகவே தண்டை நறுக்கி நட்டும் ஒட்டியும், பெயரறியாத உழவர் பலர் தலைமுறை தலைமுறையாக அம்மாற்றத்தைக் காத்து வந்தனர்.

கனியின் தோல் செம்பு கலந்த இளஞ்சிவப்பு. மதுவோ வெள்ளை வகையைச் சேர்ந்தது. சாற்றைப் பிழிந்து, தோலை நீக்கிய பின்னரே நொதிக்க விடுவதால் நிறம் ஏறுவதில்லை. ரோசா மலரிலும், நம் றம்புட்டானுக்கு உறவான லீச்சிப் பழத்திலும் உள்ள மணப்பொருளொன்று இதிலும் உண்டு. ஒரு லீற்றரில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவாக இருந்தாலும் நாசி அதனை உணரும். கனியிலுள்ள மணப்பொருள்களிற் பெரும்பகுதி வெல்லத்தோடு பிணைந்து மணமற்றுக் கிடக்கும். நொதித்தலின்போது அவற்றுள் ஒரு பகுதி பிணிப்பு நீங்கி வெளிப்படும்.

இனி, உழவனின் இடர்ப்பாட்டைக் கேளுங்கள். இக்கொடி வசந்தத்தில் முந்தித் துளிர்ப்பதால், பிந்திவரும் உறைபனி தளிரைக் கருக்கிவிடக்கூடும். அதற்குத் தப்பினாலும் இலையுதிர்காலத்திற் பெருஞ்சோதனை ஒன்று காத்திருக்கும். கனி முதிர முதிர வெல்லம் ஏறும், புளிப்பு இறங்கும். மணமோ பிந்தியே நிறையும். முந்திப் பறித்தால் மணம் போதாது. பிந்திப் பறித்தால் மணமிருக்கும், ஆனால் புளிப்பின்றிச் சுவை சப்பிட்டு, வெறியம் மிகுந்துவிடும். இடையில் மழை பெய்து குலை அழுகினால் ஓராண்டு உழைப்பும் வீண். மேற்கே நிற்கும் வோஸ்ஜ் மலைத்தொடர் மழை மேகங்களைத் தடுப்பதால் அல்சாஸ் உழவர் சற்றுத் துணிந்து காத்திருக்கின்றனர். அவ்வாறு பிந்திப் பறித்த கனியின் மதுவுக்கெனப் பிரான்சு 1984இல் தனிவிதிகள் வகுத்தது. அதற்கு வெளியிலிருந்து வெல்லம் சேர்த்தலாகாது. இனிமை முழுவதும் கொடி தந்ததாகவே இருத்தல் வேண்டும்.

இவற்றைக் கேட்ட மாணவன், "அப்படியானால், பறிக்கும் நாளை எப்படி ஐயா அறிவார்கள்?" என்றான். வெல்லத்தை அளக்கக் கருவியுண்டு, புளிப்பை அளக்கவும் வழியுண்டு. ஆயினும் உழவன் நாள்தோறும் தோட்டத்தில் இறங்கி, ஒரு கனியைப் பறித்து வாயிலிட்டு, பின் அண்ணாந்து வானத்தைப் பார்க்கின்றான். பொறுமை வேண்டும் என்று உங்களுக்கு நாங்கள் ஓயாது கூறுகின்றோம். எதுவரை பொறுப்பது என்பதையும் கற்பிக்க வேண்டுமென்பதை அன்று அவன் வினா எனக்கு உணர்த்தியது.