தனியார் நில மரம் வளர்ப்பில் வன விரிவாக்கப் பணியாளரின் பொறுப்பை விரிவாக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், வேளாண்மை இணை இயக்குநர், திருநெல்வேலி.

அனுப்புநர்: மரம் வளர்க்கும் விவசாயிகள் சங்கம்.

பொருள்: கன்று நடுவது முதல் மரம் விற்பது வரை ஆலோசனை கிடைக்கச் செய்தல் தொடர்பாக.

சுவீடன் உதவியுடன் 1981இல் தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில், குளங்களின் உள்வாயிலும் புறம்போக்கிலும் கருவேல் நடப்பட்டது. 2007-08இல் வந்த தனியார் நில மரம் வளர்ப்புத் திட்டம் தேக்கைப் பட்டா நிலத்துக்குக் கொண்டுவந்தது. 2021-22 முதல் வேளாண்மைத் துறையின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் கன்றுகளை விலையின்றித் தருகிறது. பிழைத்த கன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து 7 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. வன விரிவாக்கப் பணியாளரின் வேலை பெரும்பாலும் கன்று கொடுப்பதோடும் பிழைத்ததை எண்ணுவதோடும் முடிகிறது. ஆனால் முதலில் நட்ட தேக்குகள் இப்போது இடைவெட்டுப் பருவத்துக்கு வந்துவிட்டன.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல்வயல் வரப்புக்கு அடர்நிழல் மரம் ஆகாது. வாழைத் தோட்டத்துக்கோ ஆடிக்காற்றைத் தடுக்கச் சவுக்கு வரிசை தேவை. நாங்குநேரி, ராதாபுரம் மானாவாரி நிலங்களில் பனையும் வேம்பும் நிற்கும். மலைவேம்பு தண்ணீரின்றித் தேறாது.

விற்பனையில்தான் இழப்பு அதிகம். 1 மீட்டர் சுற்றளவும் 3 மீட்டர் நீளமும் உள்ள உருண்டைத் தடியின் உண்மைக் கன அளவு சுமார் 8.4 கன அடி. சுற்றளவின் கால் பங்கை வர்க்கமாக்கி நீளத்தால் பெருக்கும் வணிகக் கணக்கில் அது 6.6 கன அடியாகிறது. எந்தக் கணக்கில் விலை பேசப்படுகிறது என்று தெரியாத விவசாயி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கக்கூடும்.

தடியை எடுத்துச்செல்ல 1968ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் பொருந்துகின்றன. விளைநில மரங்களை இணையத்தில் பதிந்து வெட்டு அனுமதி பெறும் முறையை மத்திய அரசின் மாதிரி விதிகள் 2025 ஜூனில் முன்வைத்தன. இப்பதிவுக்கும் வழிகாட்ட ஆள் வேண்டும்.

கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் வாரம் ஒருநாள் வன விரிவாக்கப் பணியாளர் இருக்க வேண்டும்.

2. மண்ணையும் நீரையும் பார்த்த பிறகே மர இனம் பரிந்துரைக்கப்பட வேண்டும்.

3. நடும்போதே சர்வே எண், இனம், எண்ணிக்கை ஆகியவை அடங்கலில் பதியப்பட வேண்டும்.

4. விற்பனைக்கு முன் மரத்தை அளந்து, கையொப்பமிட்ட அளவுச் சீட்டு தர வேண்டும்.

5. ஆலோசனை சொல்பவரிடம் அனுமதி வழங்கும் பொறுப்பும் வழக்குப் பதியும் பொறுப்பும் இருக்கக் கூடாது. இருந்தால் விவசாயி மனம்விட்டுக் கேட்கத் தயங்குவார்.

இக்கோரிக்கைகளைப் பரிசீலித்து, அடுத்த நடவுப் பருவத்துக்குள் ஆவன செய்யுமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.