உடன் பயின்றோர் எழுத வேண்டிய பாயிரம்

ஒரு நூலின் பெருமையை அந்நூலாசிரியனே எடுத்துரைத்தல் தகாது என்பது தமிழ் மரபு. அப்பெருமையைச் சொல்லுதற்கு உரியோர் யாவர் என்பதையும் நம் இலக்கணம் வரையறுத்துள்ளது. நூலாசிரியனுக்குக் கற்பித்த ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்கு உரை கண்டவன் என்னும் நால்வருக்கே சிறப்புப்பாயிரம் செய்யும் உரிமையை வழங்குகிறது பவணந்தி முனிவரின் நன்னூல். இந்நால்வருள் இரண்டாமவனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆசிரியனுக்கு அறிவு உண்டு. மாணாக்கனுக்குப் பணிவு உண்டு. உரைகாரனுக்குப் புலமை உண்டு. உடன் கற்றவனுக்கு உள்ள தகுதி யாது? அருகிலிருந்து கண்டான் என்பதே. அந்த ஒன்றையே போதிய தகுதியாக நம் முன்னோர் ஏற்றனர். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரைத் தொல்காப்பியருக்கு 'ஒருசாலை மாணாக்கர்' என்றே மரபு போற்றுகிறது.

இம்மரபு ஏட்டளவில் நின்றதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ.வே.சாமிநாதையர், தம் ஆசிரியரின் வரலாற்றையும் 'என் சரித்திர'த்தையும் எழுதியபோது, தம்முடன் பயின்றோரை மறந்தாரல்லர். ஆசிரியரை விட்டு நீங்காது பணிவிடை செய்த கிறித்தவ மாணாக்கர் சவேரிநாத பிள்ளையை இன்று நாம் அறிவது பெரிதும் அவ்வெழுத்தினாலேயே. நாகூர் குலாம் காதிறு நாவலரும் அம்மகாவித்துவானிடம் பாடம் கேட்டவரே. ஓர் ஆசிரியரின் நிழலில் சமயம் கடந்து பலர் கூடியிருந்தனர் என்னும் செய்தி, உடன் பயின்றோர் ஒருவரையொருவர் நினைவில் வைத்தமையால் நமக்குக் கிட்டிய செல்வமாகும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். பள்ளியிறுதி வகுப்பை விட்டு வெளியேறும் மாணவனுக்கு நாம் கொடுத்தனுப்பும் பாயிரம் யாது? மதிப்பெண் பட்டியல் ஒன்று. மாற்றுச் சான்றிதழ் ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் வாழ்ந்த ஒருவனின் நடத்தையைப் பற்றி அச்சான்றிதழ் கூறுவது 'நன்று' என்னும் ஒற்றைச் சொல்லே. அதே சொல்லைத்தான் அவனுக்கு முன்னும் பின்னும் நின்றவர்களும் பெற்றுச் செல்கின்றனர். பொதுத்தேர்வில் மாநில அளவிலான தர வரிசை வெளியிடுவதைத் தமிழக அரசு 2017 ஆம் ஆண்டில் நிறுத்தியது. அது நல்ல முடிவே. ஆயினும், தர வரிசை எழுந்து சென்ற இருக்கையில் வேறொன்றும் வந்து அமரவில்லை. ஆண்டு மலர்களைப் புரட்டினால் மதிப்பெண்ணும், ஒளிப்படமும், எவரும் எவருக்கும் எழுதத்தக்க வாழ்த்துச் சொற்களுமே காணக் கிடைக்கின்றன.

இக்குறையை எம் வகுப்பையே சான்றாக வைத்து விளக்க விரும்புகிறோம். யாம் 1995 மார்ச்சில் மேல்நிலைக் கல்வியை முடித்தவர்கள். தாமிரபரணிக் கரையில் நெசவும் பீடித் தொழிலும் சோறு போட்ட ஊர் அது. வகுப்பில் சேர்ந்தவர் நாற்பத்திருவர். அவர்களுட் சிலரை இங்கே பெயர் சுட்டாமலே அறிமுகம் செய்கிறோம். உரியவர் படித்தால் தம்மைத் தாமே அறிந்துகொள்வர்.

வகுப்பில் முதல்வனாக விளங்கிய நண்பனைப் பற்றி மதிப்பெண் பட்டியல் மிகுதியாகப் பேசும். யாம் பேச வேண்டுவதில்லை. அது பேசாத ஒன்றை மட்டும் சொல்கிறோம். மடக்கை அட்டவணை வாங்க வசதியற்ற பக்கத்து மாணவனுக்காகத் தன் புத்தகத்தை அவன் நடுவில் பிரித்தான். மடக்கை ஒருவனிடம், எதிர்மடக்கை மற்றவனிடம். ஒரு கணக்கை முடிக்க இரண்டும் தேவை என்பது பிறகே இருவருக்கும் விளங்கியது! ஆண்டு முழுவதும் அவ்விரு பாதிகளும் பெஞ்சின் மீது போவதும் வருவதுமாக இருந்தன. அவ்வாறு போய் வந்ததில் அந்தப் பக்கத்து மாணவனும் கணக்கில் தேறினான்.

ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மிதிவண்டியில் வந்த நண்பன் ஒருவன். நோன்பு மாதத்தில் தன் தூக்குச் சட்டியைத் திறவாமலே திரும்ப எடுத்துச் செல்வான். எம் பொருட்டுப் பசித்திருக்க வேண்டா என்று பலமுறை சொன்னோம். "உங்களுக்காக இல்லை, எனக்கே இறங்கமாட்டேங்குது" என்பான். மாலையில் அதே தூக்கில் நோன்புக் கஞ்சி வாங்கிக்கொண்டு ஆற்றுப் பாலத்தைக் கடப்பான். மத நல்லிணக்கம் குறித்துப் பின்னாளில் எத்தனையோ மேடைகளில் பேசக் கேட்டோம். அந்தத் தூக்குச் சட்டியைவிடச் சிறந்த சொற்பொழிவை யாம் கேட்டதில்லை.

கடைசி பெஞ்சில் ஒரு நகைச்சுவையாளன் இருந்தான். இயற்பியல் ஆசிரியரின் குரலை அவன் எடுத்தால் ஆசிரியரே திரும்பிப் பார்ப்பார். தேர்வில் இரண்டு பாடங்களில் தவறினான். பின்னர் வேலைக்காகச் சவூதி அரேபியா சென்றான். அவனால் என்ன பயன் என்று அன்று பலர் கேட்டனர். விடையை இறுதியில் சொல்கிறோம்.

இனி நாற்பத்திரண்டாமவன். அவனே யாம் இக்கட்டுரையை எழுதக் காரணமானவன். நெசவாளர் மகன். எமக்கு யாப்பு ஏறவில்லை. நேர், நிரை என்று ஆசிரியர் எத்துணை முறை சொன்னாலும் அசை பிரிக்க வரவில்லை. ஒரு மாலை அவன் எம்மைத் தன் வீட்டுத் தறிக்கு அழைத்துச் சென்றான். நாடா இப்பக்கமிருந்து அப்பக்கம் ஓடும் ஓசையைக் கேட்கச் செய்து, பெஞ்சில் விரலால் தட்டித் தேமா, புளிமா என்று காட்டினான். அன்று எம் செவி திறந்தது. இன்று தமிழாசிரியர் என்னும் பெயரை யாம் தாங்குகிறோமாயின், அப்பெயரின் முதல் எழுத்தை எழுதியவன் அவனே.

பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முன் அவன் தந்தைக்குக் கண் பார்வை மங்கியது. தறியில் அவன் அமர்ந்தான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. மார்ச்சில் எடுத்த ஒளிப்படத்தில் நாற்பத்தொருவரே உள்ளோம். நினைவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கிய யாம், இரண்டு தெரு தள்ளியிருந்த அவன் வீட்டுக்குச் செல்லவில்லை. மறதி என்று சொல்லித் தப்ப இயலாது. பள்ளியை விட்டவன் வகுப்பையும் விட்டவன் என்று யாமும் எண்ணிவிட்டோம்.

ஆண்டுகள் பல கடந்து, அவன் மகள் எம் துறையில் மாணவியாகச் சேர்ந்தாள். எம் மேசைக் கண்ணாடியின் அடியில் இருக்கும் அந்தப் படத்தை ஒருநாள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வாப்பா உங்களோடதான் படிச்சதா எப்பவும் சொல்வாங்க. படத்துல காணோமே, ஐயா" என்றாள். அவள் குரலில் குறை இல்லை, ஐயம் இருந்தது. தந்தை பெருமைக்காகப் புனைந்து சொன்னாரோ என்னும் ஐயம். அவ்வையத்தைப் போக்க எம் கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. பதிவேட்டில் இல்லை, படத்தில் இல்லை, மலரில் இல்லை.

அப்போதுதான் அந்தக் கடைசி பெஞ்சு நண்பன் நினைவுக்கு வந்தான். அரபு நாடுகளுக்குச் சென்றோர் கடிதத்துக்குப் பதிலாகக் குரலைக் கேசட்டில் பதிந்து அனுப்பிய காலம் ஒன்று உண்டு. 1999 இல் அவன் எமக்கு அவ்வாறு ஒன்று அனுப்பியிருந்தான். அதில் நலம் உசாவல் சிறிது. எஞ்சியதெல்லாம் எம் வகுப்பின் வருகைப் பதிவு! இயற்பியல் ஆசிரியரின் குரலில் ஒவ்வொரு பெயராக அழைக்கிறான். 'உள்ளேன் ஐயா' என்று ஒவ்வொருவர் குரலிலும் தானே விடை சொல்கிறான். ஒருவனுக்கு மூக்கால்; ஒருவனுக்கு இழுத்து; ஒருவனுக்குத் தூக்கத்திலிருந்து விழித்தாற்போல. தொலை நாட்டு அறையில் தனிமையில் அமர்ந்து அவன் அழைத்த பெயர்கள் நாற்பத்தொன்று அல்ல, நாற்பத்திரண்டு. சிவப்பு மை அடித்த பெயரை அவன் அடிக்கவில்லை.

பழைய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைத் தேடிப்பிடித்து அம்மாணவிக்கு அதை ஒலிக்கச் செய்தோம். பதினேழாவதாக அவள் தந்தையின் பெயர் வந்தது. மெல்லிய, சற்றே தாமதமான குரலில் விடையும் வந்தது. "வாப்பா இப்பவும் கூப்பிட்டா இப்படித்தான் பதில் சொல்வாங்க" என்றாள். இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றாள். கேட்டாள்.

இரண்டு பாடங்களில் தவறியவனால் என்ன பயன் என்று கேட்டோருக்கு இதுவே விடை. எம் வகுப்புக்குச் சிறப்புப்பாயிரம் செய்தவன் அவன்தான்.

ஆதலின் எம் கருத்து இது. பள்ளியிலோ கல்லூரியிலோ இறுதி வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் உடன் பயின்ற ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுதல் வேண்டும். யார் யாரைப் பற்றி எழுதுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். அப்போது ஒருவரும் விடுபடார். இடையில் நின்றவர் பெயரும் அச்சீட்டுகளில் இருத்தல் வேண்டும். அப்பக்கங்கள் ஆண்டு மலரில் அச்சேற வேண்டும்.

இளையோர் கையில் எழுதுகோலைக் கொடுத்தால் கேலியும் பட்டப்பெயருமே விளையும் எனப் பெரியோர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருளற்றதன்று. அதற்கு ஒரு வரம்பு போதும்: எழுதியதை உரியவர் முன்னிலையில் படித்துக்காட்ட வேண்டும், அவர் சிரித்தால் அச்சிடலாம், அவர் தலை குனிந்தால் நீக்கிவிடலாம். புகழ்ச்சிக்கும் வரம்பு உண்டு. 'பண்பாளர், பழக இனியவர்' என்று எவருக்கும் பொருந்துவதை எழுதுதல் வேண்டா. கண்ட ஒரு செயலை எழுதுக. பிரித்த புத்தகத்தையும் திறவாத தூக்குச் சட்டியையும் போல ஒன்று எல்லாரிடமும் இருக்கும். அருகிலிருந்தவர் அதை அறிவர்.

மாணவச் செல்வங்களே! உங்கள் அருகில் அமர்ந்திருப்பவரை இன்று ஒருமுறை நன்கு பாருங்கள். நாளை அவருடைய மக்கள் வந்து கேட்கும்போது சொல்லுதற்கு உரிமையுடையவர் நீங்கள். அவ்வுரிமையைச் சொல்லாக்கி வையுங்கள். எம் வகுப்பின் நாற்பத்திரண்டாமவனுக்கு யாம் எழுதத் தவறிய பக்கத்தை, நெடுங்காலம் தாழ்த்தி, இம்மலரில் எழுதியுள்ளோம். நீங்கள் அத்துணைக் காலம் தாழ்த்த வேண்டா.