ஏரிக்கு கலங்கல்... தொட்டிக்கு குழாய்!

மதுராந்தகம் ஏரி கதை தெரியும்தானே பாஸ்? மழை வந்தா கரை உடையும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டரா இருந்த லியோனல் பிளேஸ், ஒரு ராத்திரி கரையில் ராமரும் லட்சுமணரும் வில்லோட காவல் நிக்கறதைப் பார்த்தாராம். அதனாலதான் அவர் 'ஏரி காத்த ராமர்'! இது கோயில் சொல்ற கதை. கணக்கு சொல்ற கதை சிம்பிள்: வர்ற தண்ணி முழுக்க கலங்கல் வழியா வெளியேறணும். இல்லேன்னா கரை தாங்காது.

உங்க வீட்டு மீன்தொட்டிக்கும் அதே சட்டம்தான். கீழே சம்ப், அதுல ஃபில்டர், மோட்டார் மேலே தண்ணி தள்ளும், குழாய் வழியா அது கீழே இறங்கும். இந்த செட்டப்பை கொளத்தூர் கடைகள்ல பார்த்துட்டு ஆசைப்படறவங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர், பேனா எடுங்க.

மோட்டார்: மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டின்னா சுமார் 190 லிட்டர். மணிக்கு நாலு தடவை தண்ணி சுத்தி வந்தா போதும்... 760 லிட்டர். உடனே '800 லிட்டர் மோட்டார் குடுங்க'ன்னு கேட்டுடாதீங்க! அட்டையில போட்டிருக்கறது, உயரமே ஏத்தாதப்போ தள்ளற அளவு. '2,000 லிட்டர், 2 மீட்டர்'னு போட்டிருந்தா, 2 மீட்டர் உயரத்துல ஒரு சொட்டுகூட வராது. உங்க தண்ணி 1.2 மீட்டர் ஏறணும்னா, தோராயமா 800 லிட்டர்தான் மேலே போகும். அந்த மோட்டார்தான் உங்களுக்குச் சரி.

இறங்கற குழாய்: மோட்டார் அழுத்தித் தள்ளுது. இறங்கற தண்ணி தானா விழணும், அதுவும் காத்தோட சேர்ந்து. அந்த 'களக் களக்' சத்தமே காத்துதான். அதனால இறங்கற குழாய், ஏத்தற குழாயைவிடப் பெருசா இருக்கணும். ஒரு இன்ச்சுக்குப் பதிலா ஒன்றரை இன்ச் போட்டா உள்ளே இடம் இரண்டே கால் மடங்கு. எல்போவைக் குறைங்க. வாயில ஒரு வலை மாட்டுங்க, நத்தை அடைச்சா கலங்கல் மூடின ஏரிதான். முடிஞ்சா கொஞ்சம் உயரத்துல இன்னொரு குழாய், அவசரத்துக்கு.

கரன்ட் போனா? நம்ம ஊர்ல கேட்க வேண்டிய முதல் கேள்வி இதான். மோட்டார் நின்னதும், தண்ணி அது வந்த குழாய் வழியாவே திரும்பிக் கீழே உறிஞ்சும். இந்தத் தொட்டியில ஒரு சென்டிமீட்டர் இறங்கினா 4 லிட்டர். குழாய் வாய் 15 சென்டிமீட்டர் ஆழத்துல முங்கியிருந்தா 60 லிட்டர்! சம்ப்ல 20 லிட்டருக்குத்தான் இடம்னா, மீதி 40 லிட்டர் ஹால்ல. கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தா... போறது மீன் உயிர் மட்டும் இல்ல.

வழி? வாயைத் தண்ணி மட்டத்துக்குப் பக்கத்துல வைங்க. மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில ஒரு சின்ன ஓட்டை போடுங்க. மட்டம் இறங்கினதும் அது காத்தை இழுத்து உறிஞ்சறதை நிறுத்திடும். பாசி அடைக்காம வாரம் ஒருமுறை தேய்ங்க. 'வால்வு இருக்கே'ன்னு நம்பி இருக்காதீங்க, கொஞ்சம் அழுக்கு சேர்ந்தா அது மூடாது. ப்ளக் பாயின்டைத் தரையில இருந்து உயரமா வைங்க. வயரை ப்ளக்குக்குக் கீழே வளைவா தொங்கவிடுங்க, வழியற தண்ணி வளைவுலயே சொட்டிடும்.

மாமல்லபுரம் பக்கம் வீடு, கடல் மீன்தான் வளர்ப்பேன்னு சொல்றவங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா வார்த்தை: உப்புத் தண்ணி இரும்பைத் தின்னுடும். கிளாம்ப், ஸ்க்ரூ எல்லாம் பிளாஸ்டிக்ல போடுங்க.

எல்லாம் மாட்டியாச்சா? மீன் வாங்கறதுக்கு முன்னாடி தண்ணி நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, சுவிட்சை அணைங்க. பத்து நிமிஷம் சம்ப்பையே பாருங்க. வழியலையா? மறுபடி போடுங்க. இப்போ இறங்கற குழாயைக் கையால பொத்துங்க. ஒரு கை ப்ளக் பக்கம் போகாம, சுவிட்சை நண்பன்கிட்ட விடுங்க. தொட்டி வழியறதுக்குள்ள சம்ப்ல தண்ணி தீர்ந்தா, உங்க கணக்கு பாஸ்.

ராத்திரி ரெண்டு மணிக்கு கரன்ட் போறப்போ காவலுக்கு வில்லோட யாரும் வரமாட்டாங்க. நீங்க போட்ட குழாய்தான் நிக்கணும்!