தூங்கி எழுந்த கார்

காரை ஓட்டினால்தான் தேயும், கொட்டகையில் நிறுத்திவைத்தால் வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நம்மில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மோட்டார் யந்திரத்தின் சமாசாரம் இதற்கு நேர்மாறானது. ஓடுகிற வண்டிக்கு வியாதி வந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் வரும். நின்றுபோன வண்டிக்கோ டாங்கியில் ஒன்று, மின்சாரத்தில் ஒன்று, ரப்பரில் ஒன்று என்று நாலைந்து வியாதிகள் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வைத்தியருக்கு இதுதான் சங்கடம். ஒன்றைக் குணப்படுத்திய பிறகும் நோயாளி எழுந்து நடக்கவில்லையென்றால், செய்த சிகிச்சையே தவறு என்று எல்லோரும் தீர்மானித்துவிடுகிறார்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் விஷயம் இத்தகையது. அவருடைய தகப்பனார் 1978-ஆம் வருஷம் வாங்கிய அம்பாஸடர், அவருக்குக் கண் பார்வை மங்கியது முதல் ஒன்பது வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. அதைத் தாமே ஓட்டித் தகப்பனாரைக் கோயில் குளங்களுக்கு அழைத்துப் போகவேண்டும் என்பது பெண்ணின் ஆசை. புது பாட்டரி போட்டு, டாங்கியில் ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றியதும் எஞ்ஜின் கிளம்பிவிட்டது. ஆனால் நொண்டுகிறது, குலுங்குகிறது, கொஞ்சம் வேகம் கொடுத்தால் இருமுகிறது. முதலில் வந்த மெக்கானிக் கார்ப்பரேட்டரை மாற்றினார். அடுத்து வந்தவர் எஞ்ஜினையே இறக்கவேண்டும் என்கிறார். சகோதரரோ எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறாராம். மூவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி. எஞ்ஜின் சொல்வதை இதுவரை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த எஞ்ஜின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ளது. ஆங்கிலேய மோரிஸ் வண்டிகளோடு நம் நாட்டுக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்தது; எம்.ஜி.ஏ. என்ற சிங்காரமான பந்தய ஜாதி வண்டிக்கும் இதே குடும்பத்து எஞ்ஜின்தான். உத்தர்பாராத் தொழிற்சாலையில் அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் கையில் ஸ்பானரும் மனத்தில் பொறுமையும் உள்ளவர் எவரும் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய யந்திரம் அது. எடைக்குப் போடும் யோசனையைச் சகோதரர் சற்றே ஒத்திவைக்கட்டும்.

முதலில் பெட்ரோலைப் பார்க்கவேண்டும். ஒன்பது வருஷத்துப் பழைய பெட்ரோலின் மேலேயே புதிதை ஊற்றியிருக்கிறார்கள். புளித்த மோரில் புதுப்பாலை விட்ட கதைதான். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிதான் எஞ்ஜினைக் கிளப்புவது. அது முதலில் பறந்துபோகிறது. எஞ்சியது நாளடைவில் வார்னிஷ் போல் பிசுபிசுத்து, ஜெட் என்கிற நுண்ணிய துவாரங்களை அடைக்கிறது. பெட்ரோலில் எதனால் கலந்திருந்தால் தொல்லை இன்னும் அதிகம். எதனால் ஈரத்தை இழுக்கும்; ஈரம் ஓர் அளவுக்கு மிஞ்சினால் தண்ணீரும் எதனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஆகவே டாங்கியை முழுவதும் வடித்துவிட வேண்டும். அதைத் திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் சமீபத்தில் இல்லாத இடத்தில் செய்யவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறோம். வடித்ததைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் துருவும் தண்ணீரும் அடியில் படிந்து தாமே சாட்சி சொல்லும். பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்களையும், பம்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரத்தையும் புதிதாகப் போடுவது நல்லது. 2023 முதல் நம் நாட்டு பங்குகளுக்கு 20 சதவிகிதம் எதனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கிவிட்டது. 1978-ல் செய்த ரப்பர் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. எதனாலுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்கவேண்டும்.

அடைந்த ஜெட்டை ஊக்கினாலோ கம்பியினாலோ குத்துவது பம்ப் ஸ்டவ் காலத்துப் பழக்கம். ஜெட் பித்தளையால் ஆனது. குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும், அப்புறம் எஞ்ஜின் ஆயுள் முழுதும் பெட்ரோல் குடிக்கும். ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை.

அடுத்தபடி மின்சாரம். பழைய கார்களில் கார்ப்பரேட்டர் கோளாறு என்று சொல்லப்படுபவற்றில் பாதி டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ளே இருக்கின்றன என்பது நமது அபிப்பிராயம். கார்ப்பரேட்டரை மாற்றியும் நொண்டல் போகாத வண்டியில் சந்தேகம் முதலில் அங்கேதான் விழவேண்டும். அதன் மூடியைக் கழற்றினால் பாயிண்ட் என்ற இரண்டு சிறு உலோகக் குமிழ்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகுவதைக் காணலாம். வருஷக் கணக்கில் சும்மா இருந்தால் அவற்றின் முகத்தில் மெல்லிய மாசு படர்ந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, மின்சாரத்துக்குத் தெரியும். மெல்லிய அரத்தால் இழைத்து, சுத்தமான துணியால் துடைத்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவில் வைக்கவேண்டும். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் துகள்கள் அங்கேயே தங்கிவிடும். பிளக்கின் இடைவெளி 0.6 மில்லிமீட்டர். மூடியின் உட்புறத்தில் மயிரிழை போல் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். கண்டென்ஸரைப் புதிதாகப் போட்டால் பழையதைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். இந்நாளில் கிடைக்கும் புதியவை சில, பழையவற்றைவிட மோசமாக இருக்கின்றன.

பிளக் ஒயர்களைக் கழற்றி மாட்டியவர் இரண்டை இடம் மாற்றி மாட்டியிருந்தாலும் இதே குலுக்கல்தான் வரும். இந்த எஞ்ஜினில் தீப்பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. ரோட்டார் சுற்றுகிற திசையில் இந்த வரிசைப்படி ஒயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஏர் கிளீனரையும் திறந்து பாருங்கள். ஒன்பது வருஷம் நின்ற வண்டியில் எலி குடும்பம் நடத்தாமல் இருந்திருந்தால் அது அந்த வீட்டுப் பூனையின் பெருமை.

இவ்வளவுக்குப் பிறகும் நொண்டினால் எஞ்ஜினையே கேட்கலாம். சூடேறிய எஞ்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டவேண்டும். வேலை செய்கிற ஸிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் நடை உடனே தடுமாறும். எதைக் கழற்றியும் வித்தியாசம் தெரியவில்லையோ அதுதான் சோம்பேறி ஸிலிண்டர். அதன் பிளக்கை அடுத்த ஸிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். சோம்பலும் கூடவே போனால் குற்றம் பிளக்கினுடையது. போகவில்லையென்றால் வேறு இடத்தில்.

குறிப்பிட்ட ஒரு ஸிலிண்டர் என்று இல்லாமல் பொதுவாகவே நொண்டினால், சோக்கைச் சிறிது இழுத்துப் பார்க்கவேண்டும். இழுத்ததும் நடை சீரானால், எஞ்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாகவோ காற்று அதிகமாகவோ போகிறது என்று அர்த்தம். கார்ப்பரேட்டரை மாற்றியவர் அதன் அடியிலுள்ள காஸ்கெட்டைப் பழையதாகவே விட்டிருந்தால் அந்த வழியாகத் திருட்டுக் காற்று புகும். சந்தேகப்பட்ட மூட்டில் சில துளி எஞ்ஜின் ஆயில் விட்டுப் பார்த்தால், ஓட்டை இருக்குமிடத்தில் எஞ்ஜினின் சப்தம் ஒரு கணம் மாறும்.

எஞ்ஜினை இறக்கவேண்டும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: கம்ப்ரெஷன் அளந்து பார்த்தீரா? எஞ்ஜின் நிற்கும்போது ஏதாவது ஒரு ஸிலிண்டரில் வால்வு திறந்தபடியேதான் நிற்கும். அந்த வழியாக ஒன்பது மழைக் காலத்து ஈரமும் உள்ளே போயிருக்கும். அங்கே வால்வு பிடித்துக்கொள்ளலாம், ரிங் ஒட்டிக்கொள்ளலாம். கம்ப்ரெஷன் குறைந்த ஸிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று ஊகிக்கலாம். அடுத்தடுத்த இரண்டு ஸிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் இடையில் ஹெட் காஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்யும் வேலைக்கும் எஞ்ஜினையே இறக்கும் வேலைக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒட்டிய ரிங்கும் பிடித்த வால்வும் நல்ல ஆயிலோடு சில நாள் ஓடியதும் தாமே இளகிவிடுவதும் உண்டு.

எதைச் செய்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்று செய்து, ஓட்டிப் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிவைக்கவேண்டும். ஒரே நாளில் பிளக், பாயிண்ட், காயில், கார்ப்பரேட்டர் நான்கையும் மாற்றிவிட்டால், சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. புதிதாக வந்த கோளாறு எதனால் வந்தது என்றும் தெரியாது.

எஞ்ஜின் சீராகிவிட்டதென்று சந்தோஷத்தில் வண்டியை வெளியே எடுத்துவிடக் கூடாது. பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும். சக்கரத்து ஸிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து, பிடித்தால் விடாமலோ, மிதித்தால் பிடிக்காமலோ போகும். மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் மாஸ்டர் ஸிலிண்டர் ரப்பர்கள் போய்விட்டன. இவற்றையும், பிரேக் ரப்பர் குழாய்களையும், ஆயிலையும் மாற்றியே தீரவேண்டும்; இங்கே சிக்கனம் பார்ப்பதற்கு இடமில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015-ஆம் வருஷத்து 23-வது வாரத்தில் செய்தது. பள்ளம் தேயாமல் புதிது போலத் தோன்றினாலும் பழைய டயர் வெடிக்கும்.

ஸொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கவேண்டும். ஒன்பது வருஷம் நின்றதில் அந்தத் தவணையும் இன்ஷூரன்ஸும் காலாவதியாகியிருக்கும். புதுப்பிப்பதற்கு வண்டியைப் போக்குவரத்து ஆபீஸில் நேரில் காட்டவேண்டும். மேலே சொன்ன பிரேக் வேலை முடியும் வரையில் அங்கே போவதானாலும் வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டே போவது உத்தமம்.