ஸ்டாம்ப் கொடுத்து சாமான் வாங்கினா, அது கடையா இல்லையா?

அமெரிக்காவுல ஒரு காலத்துல மளிகைக் கடையில சாமான் வாங்கினா, மீதிச் சில்லறையோட கொஞ்சம் பச்சை ஸ்டாம்பும் குடுப்பாங்க. பத்து சென்ட்டுக்கு ஒரு ஸ்டாம்ப். வீட்டுக்கு வந்து அதையெல்லாம் ஒரு புத்தகத்துல ஒட்டணும். 1,200 ஒட்டினா ஒரு புத்தகம் நிறையும். நிறைஞ்ச புத்தகங்களைத் தூக்கிட்டு ஸ்டாம்ப் கம்பெனியோட 'ரிடெம்ப்ஷன் சென்டர்'க்குப் போனா டோஸ்டர், விளக்கு, போர்வைன்னு ஏதாவது வாங்கிட்டு வரலாம். 1896-ல் ஆரம்பிச்ச ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் கம்பெனிதான் இந்தத் தொழில்ல பெரிய தலை.

இப்போ கேள்வி: அந்த சென்டர், வரிச் சட்டப்படி ஒரு கடையா?

இதுல என்ன பெரிசா இருக்குன்னு கேக்காதீங்க. காசு இருக்கு. ஊரூருக்குக் கிளை திறக்கிற சங்கிலிக் கடைகளால சின்னக் கடைக்காரங்க நசுங்குறாங்கன்னு 1920, 30-களில் பல மாநிலங்கள் தனி வரி போட்டன. கடை எண்ணிக்கை கூடக்கூட வரியும் ஏறும். இந்தியானாவின் 1929 சட்டப்படி ஒரே கடை வெச்சிருந்தா வருஷத்துக்கு 3 டாலர். இருபதைத் தாண்டின ஒவ்வொரு கடைக்கும் 25 டாலர். 1931-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது செல்லும்னு 5-க்கு 4 என்ற கணக்கில் சொல்லிடுச்சு. மேற்கு வர்ஜீனியாவில் 75-ஐத் தாண்டினா கடைக்கு 250 டாலர்!

ஆக, 'கடை'ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள யார் யார் வர்றாங்கங்கிறதுதான் சண்டை. பெட்ரோல் பங்க் கடையே இல்லைன்னு ஸ்டாண்டர்ட் ஆயில் வாதாடிப் பார்த்தது. 1935-ல் நீதிபதி கார்டோசோ எழுதின தீர்ப்பு, அதுவும் கடைதான்னு சொல்லிடுச்சு.

ஸ்டாம்ப் கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. "நாங்க எதையும் விக்கலைங்க. வாக்குக் குடுத்த பொருளைக் குடுக்கறோம், அவ்வளவுதான். விற்பனை நடந்தது மளிகைக் கடையில. அதுக்கு வரியும் அங்கேயே கட்டியாச்சு" என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு :-)

ஆனா பணம் போற வழியைப் பாருங்க. மளிகைக் கடைக்காரர் அந்த ஸ்டாம்பைச் சும்மா வாங்கலை, கம்பெனிக்குக் காசு குடுத்து வாங்கினார். அந்தச் செலவை அவர் எங்கே ஏத்துவார்? பருப்பு விலையிலயும் சோப்பு விலையிலயும்தான். அந்தக் காசை வெச்சு கம்பெனி மொத்த விலையில டோஸ்டர் வாங்கி, தன் லாபத்தை வெச்சுக்கிட்டுத்தான் குடுக்குது. விலை குடுத்தாச்சு, சாமான் வந்தாச்சு. சுத்திவளைச்சு வந்ததால அது விற்பனை இல்லைன்னு ஆயிடுமா?

இன்னொண்ணு. 1931-ல் அந்த வரியை நீதிமன்றம் ஏத்துக்கிட்டதே, மொத்தமா வாங்கறது, ஒரே நிர்வாகம் மாதிரி வசதிகள் சங்கிலிக் கடைக்கு இருக்குன்னுதான். நூத்துக்கணக்கான சென்டர் வெச்சிருக்கிற கம்பெனிக்கு மட்டும் அந்த வசதி இல்லையா என்ன?

பிரிட்டன்ல நடந்ததைப் பார்த்தா இன்னும் தெளிவா புரியும். அங்கே க்ரீன் ஷீல்டு ஸ்டாம்ப் நடத்தின ரிச்சர்ட் டாம்ப்கின்ஸ், 1973-ல் ஆர்கோஸ் கடைகளைத் திறந்தார். ஸ்டாம்புக்குச் சாமான் குடுத்த இடங்களையே காசுக்கு விக்கிற கடைகளா மாத்தினார். நேத்து வரைக்கும் கடை இல்லாதது, பெயர்ப் பலகை மாத்தினதும் கடை ஆயிடுச்சா?

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்தல். சின்னக் கடைக்காரர்களும் பெரிய கடைகளோட போட்டி போட இந்த ஸ்டாம்பைத்தான் நம்பினாங்க. சென்டருக்கு வரி போட்டா, ஸ்டாம்ப் விலை ஏறி அந்த அடி கடைசில அவங்க தலையிலதான் விழும். சின்னவனைக் காப்பாத்த வந்த வரி சின்னவனையே குத்தும். அதுக்கு மருந்து, சட்டசபை வெளிப்படையா ஒரு சலுகை குடுக்கறது. கடையைக் கடை இல்லைன்னு சொல்றது இல்லை.

என்னைக் கேட்டா, அது கடைதான். இன்னிக்கு கிரெடிட் கார்டு பாயின்ட்டுக்கு மிக்ஸி 'இலவசமா' வந்ததுன்னு சந்தோஷப்படறவங்களும் ஒரு நிமிஷம் யோசிங்க. அதுக்கான விலையை எங்கேயோ, யாரோ கட்டியிருக்காங்க. அது அனேகமா நாமதான்.