ஒரே பில்லை எத்தனை தடவை டைப் அடிப்பது?



மலர்க்குழு அண்ணன் என்னிடம் "செல்போனின் தீமைகள்" என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார். அந்தத் தலைப்பில் போன வருஷ மலரிலேயே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது யாரும் எழுதாத, தலைப்பைப் படித்தவுடனே கொட்டாவி வருகிற விஷயம்: பில், டெலிவரி சலான், பர்ச்சேஸ் ஆர்டர். தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் பாதிப் பேருக்கு டிப்ளமோ முடித்ததும் கிடைக்கப்போகிற முதல் வேலை இந்தக் காகிதங்களைச் சுற்றித்தான் இருக்கும்.

செமஸ்டர் லீவில் பதினைந்து நாள் பயிற்சிக்காக ஒரு உதிரிபாகப் பட்டறைக்குப் போனேன். பெயர் வேண்டாம். லேத், மில்லிங் எல்லாம் பார்க்கலாம் என்று நினைத்துப் போனால், "கம்ப்யூட்டர் பிரிவா? அப்போ ஆபீஸ்ல உட்காரும்மா" என்று சொல்லிவிட்டார்கள். அங்கே இரண்டு அக்காக்கள். காலையில் பெரிய கம்பெனியிடமிருந்து ஆர்டர் பி.டி.எஃப். ஆக மெயிலில் வரும். ஒரு அக்கா அதைப் பார்த்துப் பார்த்து டேலியில் அடிப்பார். சரக்கு தயாரானதும் பில். அடுத்து அந்தப் பெரிய கம்பெனியின் போர்ட்டலைத் திறந்து, ஆர்டர் நம்பர், பில் நம்பர், பாகத்தின் நம்பர், எண்ணிக்கை, விலை, வரி என்று அதே விவரத்தை மறுபடி அடிக்க வேண்டும். பில்லின் பி.டி.எஃபை அதில் ஏற்ற வேண்டும். பட்டறைக்கு நான்கு வாடிக்கையாளர்கள், அதனால் நான்கு போர்ட்டல், நான்கு பாஸ்வேர்டு. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருந்தார்கள் (பாதுகாப்பு பற்றி நாம் படித்ததெல்லாம் அந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது). ஒரே பாக நம்பர் ஆர்டர் வந்ததிலிருந்து பணம் வரும்வரை ஐந்து தடவை கையால் அடிக்கப்படுவதை நான் எண்ணிப் பார்த்தேன்.

இதைத்தான் அந்தப் பெரிய கம்பெனிகள் "டிஜிட்டல்" என்று சொல்கின்றன. என் கருத்து வேறு. அவர்களுடைய டைப்பிங் வேலையை நம் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். முன்பு காகிதத்தைப் பார்த்து அவர்கள் ஆபீஸில் சம்பளத்துக்கு ஒருவர் அடித்ததை, இப்போது சின்னப் பட்டறையின் அக்கா சும்மாவே அடித்துக் கொடுக்கிறார்.

இதற்குச் சரியான வழி ஒன்று நாம் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே இருந்திருக்கிறது. மின்னணுத் தரவுப் பரிமாற்றம், சுருக்கமாக ஈ.டி.ஐ. என் கம்ப்யூட்டரில் இருக்கும் பில் நேராக உன் கம்ப்யூட்டருக்குள் பில்லாகவே போய் உட்கார வேண்டும், நடுவில் மனிதர் கை படக்கூடாது என்பதுதான் சங்கதி. 1948-ல் சோவியத் ரஷ்யா பெர்லின் நகரத்துக்கான தரைவழிகளை அடைத்தபோது நிலக்கரியையும் உணவையும் விமானத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பல நாட்டு விமானம், பல மொழி, பல விதமான சரக்குப் பட்டியல். எது எங்கே போகிறது என்று புரியாமல் திண்டாடியபோது எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியும் அவர் கூட்டாளிகளும் டெலக்ஸிலோ ரேடியோவிலோ தொலைபேசியிலோ அனுப்பக்கூடிய ஒரே மாதிரியான சரக்குப் பட்டியலை உண்டாக்கினார்கள். பிற்பாடு 1968-ல் அமெரிக்காவில் போக்குவரத்துக் கம்பெனிகள் இதற்கென்று ஒரு குழு அமைத்தபோது அதே கில்பர்ட் முன்னின்றார். 1979-ல் எக்ஸ் 12 என்ற தர நிர்ணயக் குழு வந்தது. 1987-ல் ஐக்கிய நாடுகள் சபையின் எடிஃபாக்ட். எக்ஸ் 12-ல் 850 என்றால் ஆர்டர், 856 என்றால் "சரக்கு கிளம்பிவிட்டது" என்ற தகவல், 810 என்றால் பில். எக்ஸ் 12 தெரிந்த எந்தக் கம்ப்யூட்டரும் 850 என்று பார்த்தவுடன் இது ஆர்டர் என்று தெரிந்துகொள்ளும்.

அப்படியானால் ஏன் அந்த அக்கா இன்னும் டைப் அடிக்கிறார்?

பணம்தான் காரணம். ரொம்ப காலத்துக்கு இந்தச் செய்திகள் தனியார் நெட்வொர்க் வழியாகத்தான் போயின. எழுத்துக் கணக்குப் பார்த்துக் கட்டணம். பெரிய கம்பெனிக்கு அது கொசுக்கடி. நடுத்தரக் கம்பெனிக்கு அது முடியாது. 2002-ல் வால்மார்ட் தனக்குச் சரக்கு தருகிறவர்களை இன்டர்நெட் வழியாகவே அனுப்பச் சொல்லி ஏ.எஸ். 2 என்ற முறைக்கு மாற்றியது, அதனால் அனுப்பும் செலவு இறங்கியது. ஆனாலும் ஒவ்வொரு வாடிக்கையாளரின் அமைப்புக்கும் தனித்தனியாக இணைப்பு எழுத வேண்டும், அதை மாறும்போதெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நான்கு வாடிக்கையாளர் வைத்திருக்கும் பட்டறை அந்த ஆளுக்கு எங்கே போகும்? பெரியவனிடம் ஆள் இருக்கிறது, பெட்டிக்கடைக்குத் தேவையே இல்லை, நடுவில் இருப்பவன் மாட்டிக்கொண்டான்.

இங்கேதான் நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜி.எஸ்.டி.யில் மின் விலைப்பட்டியல், அதாவது ஈ-இன்வாய்ஸ். 2020 அக்டோபர் 1-ல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்கு ஆரம்பித்தார்கள். 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி என்று இறங்கி, 2023 ஆகஸ்ட் 1-ல் 5 கோடிக்கு வந்தது. பில்லை அரசாங்கம் சொன்ன ஒரே அமைப்பில், ஜேசன் கோப்பாக, பதிவு தளத்துக்கு அனுப்ப வேண்டும். அது சரிபார்த்து 64 எழுத்துள்ள ஒரு தனி எண்ணும் கியூ.ஆர். கோடும் கொடுக்கும். நாங்கள் லேபில் ஜேசன் எழுதிப் பார்த்தபோது இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தோமே, அதே ஜேசன்தான்.

இது வரிக்காக வந்தது, வியாபாரிகளின் வசதிக்காக வந்தது அல்ல. இருந்தாலும் ஒன்றை நிரூபித்துவிட்டது. "சின்னக் கம்பெனியால் முடியாது, ஆள் இல்லை" என்று சொன்னவர்கள் எல்லோரும் மூன்றே வருஷத்தில் ஒரே அமைப்புக்கு வந்தார்கள். டேலி போன்ற சாஃப்ட்வேரிலேயே அந்த வசதி ஏறிவிட்டது. அந்தப் பட்டறையில் ஈ-இன்வாய்ஸ் மட்டும்தான் அக்கா தனியாக டைப் அடிக்காத வேலை! பில்லுக்கு ஒரே அமைப்பு வர முடியும் என்றால் ஆர்டருக்கும், சரக்கு கிளம்பிய தகவலுக்கும், "சரக்கு வந்து சேர்ந்தது, இத்தனை சரி, இத்தனை கழிவு" என்ற ரசீதுக்கும் ஏன் வரக்கூடாது? சிங்கப்பூரில் 2019-ல் பெப்போல் என்ற பொது வலையை நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். அதில் சேர்ந்த கம்பெனி ஒரு தடவை இணைத்துக்கொண்டால் போதும், வலையில் உள்ள எல்லோருக்கும் அனுப்பலாம். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் கட்சி.

இதில் என்ன பெரிய நஷ்டம், கொஞ்சம் டைப் அடித்தால் விரலா தேய்ந்துவிடும் என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். பணம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். 2006-ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்குச் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. (நடுத்தர நிறுவனத்துக்கு இந்தப் பாதுகாப்புகூட கிடையாது.) ஆனால் பில்லில் ஒரு எண்ணும் போர்ட்டலில் வேறொரு எண்ணும் இருந்தால் வாங்குபவரின் கம்ப்யூட்டர் அந்தப் பில்லை ஓரமாகத் தூக்கி வைத்துவிடும். சட்டம் தெரிந்தாலும், அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று எந்தப் பட்டறைக்காரரும் வட்டி கேட்கப் போவதில்லை. முதலாளிக்குப் பணம் வராத மாதம் லேத் ஓட்டும் அண்ணன்களுக்குச் சம்பளம் பத்தாம் தேதி, பதினைந்தாம் தேதி என்று நகரும்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் உண்டு. எங்கப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். ஒருமுறை அப்பா லோடு ஏற்றிக்கொண்டு போகும்போது ஈ-வே பில்லில் வண்டி நம்பர் ஒரு இலக்கம் தப்பாக இருந்தது. 8-க்குப் பதில் 3. வழியில் சோதனையில் நிறுத்திவிட்டார்கள். பில் போட்ட ஆபீஸில் யாரும் போன் எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க வண்டியிலேயே படுத்திருந்தார். அபராதத்தை லாரி ஓனர் அப்பாவின் பேட்டாவில் பிடித்துக்கொண்டார். 2018 செப்டம்பர் 14-ல் வந்த மத்திய ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை எண் 64, வண்டி நம்பரில் ஒன்றிரண்டு இலக்கம் மாறினால் மத்திய வரிக்கு 500, மாநில வரிக்கு 500 என்று ஆயிரம் ரூபாயோடு விட்டுவிடலாம் என்கிறது. அடித்தவர் ஒருவர், அடித்தது தெரியாமல் காகிதத்தை வாங்கிக்கொண்டவர் ஒருவர், காசு போனது மூன்றாவது ஆளுக்கு! இத்தனைக்கும் வண்டி உள்ளே வரும்போதே கேட்டில் அந்த நம்பர் பதிவாகியிருந்தது. அதிலிருந்து தானாக எடுத்துக்கொண்டிருந்தால் தப்பு வர வழியே இல்லை.

தானியங்கி ஆக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் பேசுவது சுலபம், இருவரும் ஒரே அர்த்தத்தில் பேசுவதுதான் கஷ்டம். நம் ஆரணி அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை என்றால் எத்தனை கிலோ? எங்க பாட்டியைக் கேட்டால் 75 என்பார். கடையில் 25. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், பல மில்களில் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். ஒரு மில்லின் கம்ப்யூட்டர் "100 மூட்டை" என்று அனுப்பி, வாங்குபவரின் கம்ப்யூட்டர் 25 என்று வைத்திருந்தால் நூறு கிலோ காற்றில் போய்விடும். இரண்டு கம்ப்யூட்டருமே "சரி" என்றுதான் சொல்லும். செய்யாறு சிப்காட்டில் லோட்டஸ் ஃபுட்வேர் போல உலகச் சந்தைக்கு ஷூ தைக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஜோடி என்று எண்ணுவதா, பெட்டி என்று எண்ணுவதா, அளவு எண் எந்த நாட்டுக் கணக்கு என்பதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து முதலில் தீர்மானித்தாக வேண்டும்.

அந்த "யாரோ ஒருவர்" யார் என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. இந்த இணைப்பு வந்தால் டைப் அடிக்கிற அக்காக்களின் வேலை போய்விடுமே என்று நானும் யோசித்தேன், இதை எழுதும்போதும் மனசு உறுத்துகிறது. டைப்பிங் மட்டுமே தெரிந்தால் போகத்தான் செய்யும். ஆனால் வாடிக்கையாளர் ஒரு நம்பரிலும் பட்டறை வேறு நம்பரிலும் குறிப்பிடும் பாகம் ஒன்றேதான் என்பது அந்த மூத்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். எட்டு வருஷ அனுபவம். அந்தப் பொருத்தப் பட்டியலை எழுதாமல் எந்த இணைப்பும் ஓடாது, அதை வெளியூரிலிருந்து வரும் சாஃப்ட்வேர் ஆளால் எழுதவும் முடியாது. கம்பெனிகள் செய்ய வேண்டியது அவரை வெளியே அனுப்புவதல்ல, அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பாளர் ஆக்கிச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பது. செய்வார்களா என்றால், கேட்காமல் செய்யமாட்டார்கள்.

நம் சீனியர்கள் பலர் "டேட்டா என்ட்ரி" என்ற பெயரில் கான்ட்ராக்ட்டில் சேர்ந்து, மூன்று வருஷம் படித்ததை மறந்துவிட்டு பி.டி.எஃபைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட நம் வகுப்பில் ஈ.டி.ஐ. என்ற சொல் என் காதில் விழவில்லை. பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஈ-இன்வாய்ஸின் அமைப்பு எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கிறது, சோதித்துப் பார்க்கத் தனித் தளமும் வைத்திருக்கிறார்கள்.

அதனால் நமது மாணவர் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. ஆண்டு விழாவுக்கு ஸ்பீக்கர் செட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் குறைத்து, சனிக்கிழமை மத்தியானம் லேபைத் திறந்து வைக்க முதல்வர் ஐயாவிடம் அனுமதி வாங்கித் தாருங்கள். கம்ப்யூட்டர் பிரிவு மட்டும் வந்தால் போதாது, மெக்கானிக்கல் அண்ணன்களும் வர வேண்டும், பாக நம்பர் அவர்களுக்குத்தான் தெரியும். முதல் வாரத்துக்கு ஒரு ஆர்டர், ஒரு சலான், ஒரு பில் மாதிரி நான் எழுதிக் கொண்டுவருகிறேன். மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதை மட்டும் வந்தவுடன் எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணிக்கொள்வோம்.