எங்களிட்ட களவெடுக்க என்ன கிடக்கு?

விண்டோஸ் 7 ஓடுகிற லப்டொப் ஒன்றைக் காட்டி "உது பாதுகாப்பில்லை" என்று ஆராவது சொன்னால் எங்கள் பக்கத்திலிருந்து வருகிற பதில் எப்பவும் ஒன்றுதான். "எங்களிட்ட களவெடுக்க என்ன கிடக்கு?" சொல்லிப்போட்டுச் சிரிப்போம். மஹாபொல வந்த கிழமையே முடிந்துவிடும். கடனட்டை கிடையாது. இருக்கிறதெல்லாம் பத்துப் படம், விரிவுரைக் குறிப்புகள், மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிற ஆய்வுக் கட்டுரை. இதை எடுத்து ஆர் என்ன செய்யப்போறான்?

இந்தப் பதிலை நாங்களும் கனநாள் சொல்லித் திரிந்தோம். இப்ப அதற்கு எதிராக எழுதுகிறோம்.

அந்த ஆய்வுக் கட்டுரை கிடக்கிற இடத்திலேயே இன்னொரு போல்டரும் கிடக்கும். 'நேர்காணல்' என்றோ 'ரெக்கோர்டிங்ஸ்' என்றோ பெயர் இருக்கும். கலைப்பீடத்தில் சமூகவியல், புவியியல், அரசியல் விஞ்ஞானம் என்று எந்தத் துறையை எடுத்தாலும் இறுதி வருடத்தில் கனபேரிடம் இப்படி ஒன்று இருக்கிறது. நுண்கடன் கட்ட முடியாமல் நிற்கிற பெண்கள் பேசியது. விடுபடாத காணிக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைகிறவர் பேசியது. மகனைத் தேடுகிற அம்மா ஒருவர், வீட்டுக்கு ஆர் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று பேசியது. பெயர், ஊர், போன் நம்பர், குரல், சிலவேளை படம். "தங்கச்சி, இதை வெளியில சொல்லிப்போடாதேங்கோ" என்று அவர் சொன்னதும் சேர்ந்தே பதிவாகியிருக்கும்.

எங்களிட்ட ஒண்டும் இல்லை என்பது சரிதான். அவர்களுடையது எங்களிடம் இருக்கிறது.

ஆய்வு தொடங்க முதல் நெறிமுறைப் படிவம் நிரப்புகிறோம். தரவை எப்படிப் பாதுகாப்பீர்கள் என்ற கேள்விக்கு, முன்னைய வருடத்து அக்காவின் படிவத்தைப் பார்த்து எல்லோரும் ஒரே வரியை எழுதுகிறோம்: கடவுச்சொல் இடப்பட்ட எனது தனிப்பட்ட கணினியில். இந்த வரி பொய். விண்டோஸில் நுழையும்போது கேட்கிற பாஸ்வேர்ட் கதவுக்குப் போட்ட சீலை மாதிரி. ஹாட்டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் கொழுவினால், அல்லது பென்ட்ரைவில் இருக்கிற இன்னொரு இயங்குதளத்தால் அதே லப்டொப்பைத் தொடக்கினால், உள்ளே உள்ளதெல்லாம் அப்படியே தெரியும். டிஸ்க் மறைகுறியாக்கப்பட்டிருந்தால் மட்டும்தான் தெரியாது. எங்கட மெஷின்களில் அது இல்லை.

இதைச் சொல்ல வெளிக்கிட்டால் உடனே வருகிற அறிவுரை, "புதுசு வாங்குங்கோ". யூடியூப்பில் கழுத்தில் மைக் கொழுவினவரும் அதைத்தான் சொல்கிறார், கடைக்காரரும் அதைத்தான் சொல்கிறார். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குத் தாவினபோது லப்டொப் விலைக்கு என்ன நடந்தது என்று இவர்களுக்குத் தெரியாதா? ஒரு வீட்டில் தம்பியின் ஏ.எல்லுக்கும் அக்காவின் கம்பஸுக்கும் ஒரே மெஷின். அது கெட்டுப்போனால் அடுத்தது இல்லை.

அந்த அறிவுரைக்குப் பின்னால் இருக்கிற கணக்கையும் பார்ப்போம். விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசொவ்ற் 2020 ஜனவரி 14ஆம் திகதி நிறுத்தியது. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14. நிறுத்தியதால் மெஷின் நிற்கவில்லை, அடுத்த நாள் காலையும் வழமைபோல எழும்பியது. நின்றது ஓட்டை அடைக்கிற வேலை. இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கு. விண்டோஸ் 11க்கு மாதாமாதம் வருகிற திருத்தங்களைப் பிரித்துப் பார்க்கிறவனுக்கு ஓட்டை எந்த இடத்தில் இருந்தது என்று விளங்கிவிடும். அதே பழைய நிரல் 10இலும் 7இலும் இருந்தால், அங்கே அது திறந்தபடியே கிடக்கும்.

சரி, விண்டோஸ் 11க்கு மாறுவோம் என்றால் விடமாட்டார்கள். ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் ஒருசில விதிவிலக்குத் தவிர எட்டாம் தலைமுறைக்கு மேல் வேண்டும். 2016இல் வாங்கின, எட்டு ஜிபி ராம் போட்ட, ஒரு குறையும் இல்லாத லப்டொப் அந்தக் கோட்டுக்கு வெளியில் நிற்கிறது. இன்னும் ஒரு வருடம் திருத்தம் வேண்டுமா, 30 டொலர் கட்டு, இல்லாவிட்டால் உன் மெஷினின் அமைப்புகளை எங்கட கணக்கில் கொண்டுவந்து வை என்றார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை பிடித்ததும் அந்த நாடுகளுக்கு மட்டும் நிபந்தனையைத் தளர்த்தினார்கள். எங்களுக்காகச் சண்டை பிடிக்க ஆளில்லை. 2025இல் 30 டொலர் என்பது மஹாபொல ஒரு மாதக் காசை விடக் கூடவாக இருந்தது. ஆகவே இந்த 'ஆதரவு முடிந்தது' என்ற சொல்லை இயற்கை மரணம் மாதிரிப் பேசுகிறவர்களை நாங்கள் நம்பவில்லை. அது ஒரு கம்பனி எடுத்த வியாபார முடிவு.

இவ்வளவும் சொல்லிப்போட்டு, பிழை முழுக்க மைக்ரோசொவ்ற்றில்தான் என்று முடித்தால் கைதட்டு விழும். ஆனால் அது பாதிக் கதை.

2017 மே 12ஆம் திகதி வன்னாக்ரை என்ற கிருமி பரவத் தொடங்கியது. 150 நாடுகள் அளவில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பழைய எக்ஸ்பி மெஷின்களால்தான் இது நடந்தது என்று இன்றைக்கும் கனபேர் சொல்வார்கள். பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7. அப்போது அதற்கு ஆதரவு இருந்தது. ஓட்டையை அடைக்கிற திருத்தமும் மார்ச் 14ஆம் திகதியே, இரண்டு மாதத்துக்கு முன்னரே வந்திருந்தது. போடவில்லை, அவ்வளவுதான்.

எங்கட கதையும் அதேதான். எங்களில் எத்தனை பேரின் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கினது? கடையில் போட்டுத் தந்தது. போடும்போதே அப்டேற்றை நிறுத்தித்தான் தருவார்கள், 'இது அசல் பிரதி இல்லை' என்ற கறுப்புத் திரை வந்துவிடும் என்ற பயத்தில். அதற்கு மேல் ஒரு கிறாக். கிறாக்கோடு வருகிற குறிப்பில் முதல் வரி என்ன? "அன்ரிவைரஸை ஓவ் பண்ணிப்போட்டு ஓட விடுங்கோ". ஆரென்று தெரியாத ஒருவன் எழுதின நிரலுக்கு, காவல்காரனை வெளியில் அனுப்பிவிட்டு, வீட்டின் எல்லாத் திறப்பையும் கொடுக்கிறோம். மைக்ரோசொவ்ற் விண்டோஸ் 7ஐ 2020இல்தான் கைவிட்டது. நாங்கள் எங்கட மெஷினைக் கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே கைவிட்டுவிட்டோம். காசில்லாத குற்றம் எங்களுடையது இல்லை. இது எங்களுடையது.

எம்.எஸ். ஒபிஸிலும் இப்படித்தான். சமன்பாடு எழுதுகிற ஒரு சின்னப் பகுதி அதற்குள் இருந்தது, 2000ஆம் ஆண்டு தொகுத்த நிரல். பதினேழு வருடம் கழித்து, 2017 நவம்பரில்தான் அதன் ஓட்டை அடைபட்டது, பிறகு அந்தப் பகுதியையே தூக்கிவிட்டார்கள். திருத்தம் போடாத ஒபிஸில் அது இன்னும் இருக்கிறது. ஒரு வேர்ட் கோப்பைத் திறந்தாலே போதும், வேறெதையும் அழுத்தத் தேவையில்லை. கலைப்பீடத்துக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை வேர்ட் கோப்பு திறக்கிறோம்?

போட்டோக்கொப்பி கடை பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. ஒப்படைப்புக் கிழமையில் ஒரு மெஷினுக்குள் நூறு பென்ட்ரைவ் போய் வரும். திரும்பி வந்து பார்த்தால் போல்டர் எல்லாம் ஷோர்ட்கட். கிருமி உண்மையான கோப்புகளை ஒளித்துவைத்து, அதே பெயரில் ஷோர்ட்கட்டை வைக்கிறது; நாங்கள் அழுத்தினதும் முதலில் தன்னை ஓடவிட்டு, பிறகு நல்ல பிள்ளை மாதிரி போல்டரைத் திறந்து காட்டும். எங்களில் ஒருத்தி, எல்லாம் போய்விட்டது என்று நினைத்து, பென்ட்ரைவைப் போர்மற் செய்தாள். கோப்புகள் ஒளிந்துதான் இருந்தன. போர்மற் செய்ததில்தான் போயின. ஏழு நேர்காணல். திரும்பப் போய்க் கேட்க அவளுக்கு முகமில்லை. ஒருமுறை அழுது சொன்ன கதையை இன்னொருமுறை சொல்லுங்கோ என்று எப்படிக் கேட்பது?

இப்ப அச்சடிக்கவென்று தனியாக ஒரு பென்ட்ரைவ் வைத்திருக்கிறோம். அதில் அந்த ஒரு பிடிஎவ் மட்டும். திரும்பி வந்ததும் துடைத்துவிடுவோம்.

மெஷினை எறியவும் தேவையில்லை, அப்படியே விடவும் கூடாது என்பதுதான் எங்கட கட்சி. செய்யக்கூடிய பெரிய வேலை இயங்குதளத்தை மாற்றுவது. லினக்ஸ் மின்ற்றின் எக்ஸ்எவ்சிஈ பதிப்பு நாலு ஜிபி ராமில் நன்றாக ஓடும். 22ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தம் வரும். சதமும் இல்லை. நிறுவ முதல் பென்ட்ரைவிலிருந்தே ஓடவிட்டு, வைபை பிடிக்குதா, சத்தம் வருதா என்று பார்க்கலாம். நிறுவும்போது டிஸ்க்கை மறைகுறியாக்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் சரி போட்டால், படிவத்தில் நாங்கள் எழுதின பொய் அன்றைக்கு உண்மையாகிறது. (அந்தப் பாஸ்வேர்ட்டை மறந்தால் கோப்புகளை ஆராலும் மீட்க ஏலாது. முதலே ஒரு பிரதி எடுத்துவையுங்கோ.)

"பாமினி வேலை செய்யாதே?" என்று கேட்பீர்கள். பாமினி ஒரு எழுத்துரு, அவ்வளவுதான். கோப்பைக் கொண்டுபோய்ப் போட்டால் லிப்ரே ஒபிஸிலும் அதே கைப்பழக்கத்தில் அடிக்கலாம். யுனிகோட் பழகினவர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் கோப்புகளை பிஎஸ்பிபி திறக்கும். சிரமம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம்: மேற்பார்வையாளர் அனுப்புகிற வேர்ட் கோப்பில் அட்டவணை குலையும், பக்க இலக்கம் பாயும். முதல் இரண்டு கிழமை எங்களைத் திட்டுவீர்கள்.

விண்டோஸ் 7ஐ விடவே ஏலாது என்கிறவர்கள் அந்த மெஷினை இன்ரநெற்றிலிருந்து கழற்றுங்கோ. வைபையை ஓவ் பண்ணி எழுத்து வேலைக்கு மட்டும் வைத்திருங்கோ. மெயிலும் வங்கியும் போனில் பாருங்கோ, அதுவும் இன்னும் திருத்தம் வருகிற போனாக இருந்தால். விண்டோஸ் 7இல் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, அதில் பாஸ்வேர்ட் அடிப்பது தெருவில் நின்று சத்தமாகச் சொல்வதற்குச் சமன். ஹொஸ்டல் வைபை இன்னும் மோசம். வீட்டு றவுட்டருக்குப் பின்னால் இருக்கும்போது வெளியிலிருந்து நேரே தட்டுகிறவனுக்குக் கதவு தெரியாது. ஹொஸ்டலில் தட்டுகிறவன் உங்கள் பக்கத்து அறையில், அதே வலையமைப்பில், தெரியாமலே கிருமியோடு இருக்கிறான். வன்னாக்ரை ஒரு மெஷினிலிருந்து மற்றதுக்குத் தாவியது விண்டோஸின் கோப்புப் பகிர்வு வழியாகத்தான். அதை நிறுத்திவையுங்கோ.

பெயரையும் புனைபெயரையும் இணைக்கிற பட்டியலை எந்த மெஷினிலும் வைக்காதேங்கோ. அதை ஒரு கொப்பியில் எழுதி, கொப்பியை வீட்டில் வையுங்கோ.

ஆனால் இதெல்லாம் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் தனித்தனியாக யூடியூப் பார்த்துச் செய்யவேண்டிய வேலையா? படிவத்தில் அந்தக் கேள்வியை அச்சடித்த துறைகள், பதில் உண்மையா என்று ஒருநாளும் கேட்கவில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியபோது கருத்தரங்கு வைத்தவர்கள் எங்கட லப்டொப்பைத் திறந்து பார்க்கவில்லை. ஆய்வு முறையியல் பாடத்தில் மாதிரியெடுப்புக்கு ஆறு விரிவுரை, தரவை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு ஸ்லைட். பீடத்துக் கணினி அறையின் ஒரு மூலையில் மறைகுறியாக்கின டிஸ்க் ஒன்றும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் கேட்பது பெரிய கேள்வியா?

இந்தத் தவணை படிவம் வந்தால் அந்த வரியை நாங்கள் எழுதப்போவதில்லை. "விண்டோஸ் 7 ஓடுகிற, மறைகுறியாக்கப்படாத, வீட்டில் நாலு பேர் பாவிக்கிற லப்டொப்பில்" என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்கப்போறம். அதைப் பார்த்துத் துறை கையெழுத்து வைக்கட்டும். வைக்கமாட்டோம் என்றால், எங்கே வைப்பது என்று அவர்களே சொல்லட்டும். அதுவரைக்கும், மின்ற் போடத் தெரிந்த மூன்று பேர் எங்களிடம் இருக்கிறார்கள். லப்டொப்பைக் கொண்டு வாங்கோ. சார்ஜரையும் மறக்காதேங்கோ, பழைய பற்றறி நடுவில நிண்டிடும்.